பொது நிலமும் கொரிய அலையும்

கொரியத் தொடர்களும் பாடல்களும் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசிகளை நிறைத்துவிட்டன. அதில் நமக்கு வழக்கில்லை. அந்தப் புகழைக் கட்டடமாக்கி விற்க முயன்ற கதையையே தோழர்கள் கவனிக்க வேண்டும்.

சியோலை அடுத்த கோயாங் நகரில், சுமார் 3 லட்சம் சதுர மீட்டர் நிலத்தில், கொரிய வெகுசனப் பண்பாட்டுக்கென ஒரு சுற்றுலா வளாகம் அமைக்க கியோங்கி மாகாண அரசு 2016இல் சிஜே குழுமத்துடன் ஒப்பந்தம் செய்தது. 20,000 பேர் அமரும் இசையரங்கே அதன் நடுநாயகம். கட்டுமானம் தொடங்கியதோ 2021 அக்டோபரில். 2023 ஏப்ரலில் நின்றது. அரங்கில் முடிந்திருந்த வேலை 17 விழுக்காடு. கட்டுமானச் செலவு ஏறிவிட்டது, போதிய மின்சாரம் இல்லை என்றது நிறுவனம். தாமத அபராதத்தைத் தள்ளுபடி செய்யவும் கோரியது. மாகாண அரசு மறுத்து, 2024இல் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. மறுத்தது சரியே. ஆனால் எட்டாண்டுகள் வீணாயின. நிலத்துக்குப் பெற்றிருந்த 15,000 கோடி வானுக்கும் மேற்பட்ட தொகையைப் பொதுப் பணத்திலிருந்து திருப்பித் தர வேண்டியதாயிற்று. 2025இல் அடுத்த பேச்சுவார்த்தைக்குத் தேர்வானது அமெரிக்காவின் லைவ் நேஷன் தலைமையிலான கூட்டு.

சிஜே, 1990களில் சாம்சங்கிலிருந்து பிரிந்த குடும்ப ஏகபோகம். (ஏழைகளின் நிலவறை வாழ்வை உலகுக்குக் காட்டிய 'பாராசைட்' படத்துக்கு முதலிட்டதும் அதுவே!) சங்க உரிமைக்காகச் சுங்குவார்சத்திரத்துத் தொழிலாளர்கள் 2024இல் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தது அந்தச் சாம்சங்கை எதிர்த்துத்தான்.

அதே நாட்டின் கங்வோன் மாகாணத்தில், லெகோலேண்ட் பூங்காவுக்கான 20,500 கோடி வான் கடனுக்கு மாகாண அரசு உத்தரவாதம் அளித்திருந்தது. 2022இல் அது பின்வாங்கியதும் நாட்டின் கடன் பத்திரச் சந்தையே குலுங்கியது.

பழவங்காடியிலிருந்து நடந்து சென்று கிழக்கேகோட்டையில் கோவளம் பேருந்து ஏறுவோருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. பொதுத்துறையின் அசோக் கடற்கரை விடுதியை வாஜ்பாய் அரசு 2002இல் தனியாருக்கு விற்றது. அது பின்னர் கைமாறிக்கொண்டே போயிற்று. அங்குள்ள ஹால்சியன் அரண்மனையைக் காக்க நடந்த வழக்கு தோற்று, 2017இல் நமது முன்னணி அரசே அதை ஒப்படைக்க நேர்ந்தது. உடைமைக்காக வழக்குத் தொடரும் உரிமை மட்டுமே மிஞ்சியது. கசப்பான உண்மைதான், மறைப்பதற்கில்லை.

இனி எந்தச் சுற்றுலாத் திட்டம் வந்தாலும் அதன் வரைபடத்தில் மயங்காமல் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். நிலம் விற்பனையா, குத்தகையா? வேலை நின்றால் அபராதம் எவ்வளவு? கடனுக்கு அரசு பிணையா? தொழிலாளருக்குச் சங்க உரிமை எழுத்தில் உண்டா? நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கிளைகள் மனுப் போடத் தயங்க வேண்டாம்.