அதிரும் கருவியும் தொழிலாளர் கையும்

நெய்க்காரப்பட்டியிலிருந்து பழனி, ஒட்டன்சத்திரம் மார்க்கமாகத் திண்டுக்கல்லுக்குப் பிரயாணம் செய்வோர், கிரைண்டர் என்னும் மின்சாரக் கருவியை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்து இரும்பையும் கல்லையும் தேய்க்கும் தொழிலாளரைப் பட்டறைகளில் காணாமலிரார். தீப்பொறி கண்ணிற் பட்டால் காயம் உடனே புலனாகும். கருவியின் அதிர்வு கைக்குச் செய்யும் கேடோ வருஷக்கணக்கில் மறைவாக வளர்வது. சர்க்கார் இதில் போதிய கவனம் செலுத்தவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

இது புதிய வியாதியன்று. அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்துப் பெட்போர்டில், காற்றழுத்த உளியால் சுண்ணாம்புக்கல் செதுக்குவோரைப் பரிசோதித்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார், குளிர் வேளைகளில் அவர்களுடைய விரல்கள் வெளுத்து மரத்துப் போவதை 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். ஓயாத அதிர்வு நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. நோய் முற்றினால் சட்டைப் பொத்தானைப் போடவும் கை உதவாது. பிரிட்டன் இதை 1985இல் தொழில் நோயாக அங்கீகரித்தது. 2005இல் ஒரு நாளில் கைக்கு எவ்வளவு அதிர்வு ஏறலாம் என்று வரம்பு கட்டி விதிகளும் இயற்றியது.

குளிர் தேசத்து நோயைப்பற்றி உஷ்ண தேசத்தாராகிய நமக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். வியட்நாமில் கல்லுடைப்போரையும் மலேசியாவில் கட்டிடத் தொழிலாளரையும் ஆராய்ந்தவர்கள், விரல் வெளுப்பதைக் காணவில்லை. மரமரப்பையும் உணர்ச்சிக் குறைவையும் கண்டார்கள். உஷ்ணத்தால் அடையாளம் மறைகிறதேயன்றி நோய் மறைவதில்லை. வெளுத்த விரலை மட்டுமே தேடும் வைத்தியர், நோயாளியை நோயில்லை என்று அனுப்பிவிடுவார்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், 1987ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் 29 நோய்கள் இருந்தன. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மைக்கு அதில் இடமுண்டு. அதிர்வு நோய்க்கு இல்லை. 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் அட்டவணையும் அவ்வாறே அமைந்தது. அட்டவணையில் இல்லாத நோயை அறிவிக்கும் கடமை எவருக்குமில்லை. அறிவிக்கப்படாத நோய்க்குப் பரிகாரம் தேடுவாருமில்லை.

சிறு பட்டறைக்காரர்கள் செலவைத் தாங்கமாட்டார்கள் என்பது ஓர் ஆக்ஷேபம். தேய்ந்த பேரிங்கை மாற்றுவதும், மழுங்கிய உளியைத் தீட்டுவதும், ஆள் மாற்றி வேலை கொடுப்பதும் பெருஞ்செலவாகா. அதிர்வைப் பாதியாகக் குறைத்தால், அதே அபாய அளவை எட்ட நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். கருவியைச் செப்பனிடுவது முதலாளிக்கும் லாபமே. கையுறை ஒன்றையே நம்பியிருப்பது மட்டும் போதாது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. உருப்படிக் கணக்கில் கூலி பெறுபவன், விரல் மரத்தது தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சி அதை மறைக்கிறான். ஆதலின் அதிர்வு நோயை அட்டவணையிற் சேர்ப்பதோடு, நோய் கண்டவருக்குக் கூலி குறையாமல் வேறு வேலை அளிக்கவும் விதி செய்ய வேண்டும். இன்ஸ்பெக்டர்கள் கருவிகளின் அதிர்வை அளந்து பார்க்க வேண்டும். தொழிலாளர் காப்புறுதி ஆஸ்பத்திரிகளில் விரலின் உணர்ச்சியைச் சோதிக்க வேண்டும். கையை மூலதனமாகக் கொண்டு பிழைப்பவருக்கு அக்கையைக் காத்துக் கொடுப்பது தர்மமன்று, கடமை. சர்க்கார் இனியும் தாமதிக்கலாகாது.