சேய் தொடாவிட்டால் தீங்கில்லையா?

“ஃபோர்க் செய்யும்போது திறந்திருக்கும் ஃபைல் டிஸ்கிரிப்டர்கள் சேய் ப்ராசஸுக்கும் போகும். போகட்டுமே, அது அவற்றைத் தொடப்போவதில்லை. உறுத்தினால் சேயில் ஒரு லூப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிடலாம்.” லினக்ஸில் இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுகிறவர்களிடம் இந்தப் பேச்சு சாதாரணம். மோட்டாருக்கு 1 மில்லிநொடிக்கு ஒருமுறை கட்டளை தரவேண்டிய நிரலில் இதை நம்பக்கூடாது என்பேன்.

தொடாவிட்டால் தீங்கில்லை என்பதை முதலில் பார்ப்போம். டிஸ்கிரிப்டர் வெறும் எண். அது சுட்டும் பதிவு கெர்னலுக்குள் இருக்கிறது. ஃபோர்க்குக்குப் பின் தாயின் எண்ணும் சேயின் எண்ணும் சுட்டுவது அந்த ஒரே பதிவைத்தான். கூட்டுப் பட்டாவில் ஒரு வாரிசு மட்டும் கையெழுத்திட்டால் முழு நிலமும் கைமாறிவிடுமா? தாய் மட்டும் மூடினால் அந்தப் பதிவு போய்விடுவதில்லை.

வாட்ச்டாக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டு நிரல் அதைத் திறந்து, குறித்த நேரத்துக்குள் தட்டிக்கொண்டே இருக்கிறது. இடையில் பழைய லாக் கோப்புகளைச் சுருக்க ஒரு துணை நிரலை ஃபோர்க் செய்து கிளப்புகிறது. பிறகு கட்டுப்பாட்டு நிரல் விழுகிறது. மேற்பார்வை நிரல் உடனே அதை மறுபடி எழுப்புகிறது. ஆனால் வாட்ச்டாக்கை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். துணை நிரல் இன்னும் அதைப் பிடித்திருப்பதால் ‘பிஸி’ என்ற பிழைதான் வருகிறது. தட்ட ஆளில்லை, கெடு முடிந்ததும் போர்டு ரீசெட் ஆகிறது. சேய் அந்த டிஸ்கிரிப்டரைத் தொடவே இல்லை. அது திறந்திருந்ததே போதுமானதாயிற்று. பைப்பிலும் இதே கதைதான்: எழுதும் முனையின் கடைசிப் பிரதி மூடும்வரை, படிப்பவருக்கு முடிவு தெரியாது.

“சேயிடம் இருப்பது தனிப் பிரதி” என்பது அடுத்த வாதம். எண்தான் பிரதி. கோப்பில் எந்த இடம்வரை படித்தோம் என்பதும், நான்-பிளாக்கிங் நிலையும் பொதுவானவை. தாய் லாக் பைப்பை நான்-பிளாக்கிங்காக வைத்திருக்க, சேயில் ஓடும் ஏதோ ஒரு கருவி அதை பிளாக்கிங்காக மாற்றினால், அது தாய்க்கும் மாறிவிடும். பைப்பின் வழக்கமான 64 கிலோபைட் நிரம்பிய கணத்தில், லாக் எழுதப்போன ரியல் டைம் த்ரெட் அங்கேயே நின்றுவிடும்.

லூப் போட்டு மூடுவது, டிஸ்கிரிப்டர் வரம்பு 1024 என்றிருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். இன்று அந்த வரம்பு 10 லட்சத்தைத் தாண்டும் இடங்கள் உண்டு. ஒரு அழைப்புக்கு 100 நானோநொடி என்றாலும் 0.1 நொடி ஆகிறது, அதாவது கட்டுப்பாட்டு லூப்பின் 100 சுற்றுகள். சேய் தாயின் ஃபைஃபோ முன்னுரிமையையும் சேர்த்தே பெறுகிறது. இருவரும் ஒரே கோரில் இருந்தால், சேய் மூடி முடிக்கும்வரை தாய் காத்திருக்க நேரும். 2020-ல் லினக்ஸ் 5.9-இல் வந்த குளோஸ்-ரேஞ்ச் இந்த எண்ணிக்கைத் தொல்லையைத் தீர்த்தது. அதையும் சேயில் கூப்பிடுவதற்குள் ஃபோர்க் நடந்து முடிந்திருக்கும்.

“குளோஸ்-ஆன்-எக்ஸெக் கொடி போட்டாயிற்று” என்பவர்கள் பாதி சரி. கோப்பைத் திறந்தபின் தனியாக அந்தக் கொடியைப் போட்டால், இரண்டுக்கும் நடுவே இன்னொரு த்ரெட் ஃபோர்க் செய்யக்கூடும். திறக்கும்போதே கொடி போடும் வசதி 2007-ல் லினக்ஸ் 2.6.23-இல் வந்ததே இதற்காகத்தான். பைத்தான் 3.4, எக்ஸெக் செய்யும் சேய்க்கு டிஸ்கிரிப்டர்கள் போகாமல் இருப்பதையே 2014-ல் இயல்பாக்கியது. ஆனால் மூலநிரல் தராத டிரைவர் லைப்ரரி கொடி இல்லாமல் திறந்தால் நாம் என்ன செய்ய முடியும்? எக்ஸெக்கே செய்யாத சேய்க்கு அந்தக் கொடியால் பயன் எதுவும் இல்லை.

அதனால் கட்டுப்பாட்டு நிரல் ஓடத் தொடங்கியபின் ஃபோர்க்கே கூடாது என்பது என் கட்சி. நினைவகத்தை எம்லாக்-ஆல் மூலம் பூட்டியபின் ஃபோர்க் செய்தால், பூட்டிய பக்கங்களில் எழுதும்போதும் காப்பி-ஆன்-ரைட் பேஜ் ஃபால்ட் வரும். குறைந்த முன்னுரிமை த்ரெட்டிலிருந்துகூட அப்படிச் செய்யக்கூடாது என்று லினக்ஸ் கையேடே எச்சரிக்கிறது. நிரல் தொடங்கியதும், எந்தக் கருவியையும் திறக்குமுன், நினைவகத்தைப் பூட்டுமுன், ரியல் டைம் முன்னுரிமை வாங்குமுன், ஒரு சிறிய உதவி ப்ராசஸை ஃபோர்க் செய்துவிடுங்கள். லாக் சுருக்கவோ வேறெதற்கோ துணை நிரல் தேவைப்பட்டால் சாக்கெட் வழியே அதனிடம் கேளுங்கள், அது கிளப்பித் தரும். அதன் கையில் மோட்டாரும் இல்லை, வாட்ச்டாக்கும் இல்லை.