பணத்தோடு உழைப்பையும் தந்த வாரிசுகள்

பெரும் செல்வர் ஒருவர் மறைந்தால் தர்மத்துக்கு எத்தனை கோடி எழுதிவைத்தார் என்றுதான் முதலில் கேட்கிறோம். ஹியூலெட்-பேக்கார்ட் கம்பெனியின் டேவிட் பேக்கார்ட் 1996இல் மறைந்தபோதும் அதுவே பேச்சாக இருந்தது. 1939இல் பில் ஹியூலெட்டுடன் சேர்ந்து, பாலோ ஆல்ட்டோவில் ஒரு கார் கொட்டகையில் 538 டாலர் முதல் போட்டுத் தொழில் தொடங்கியவர் அவர். மனைவி லூசிலுடன் 1964இல் நிறுவிய அறக்கட்டளைக்குத் தன் செல்வத்தில் பெரும்பகுதியை விட்டுச்சென்றார். அது பல நூறு கோடி டாலர். ஆனால் அந்தக் குடும்பத்தின் கொடை இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் தொகை மட்டும் இல்லை. எந்தத் துறைக்குப் பணம் போனதோ, அந்தத் துறையைப் பிள்ளைகள் முறையாகப் படித்திருந்தார்கள். கொடையைப் பயனுள்ளதாக்கியது அந்தப் படிப்புதான் என்பது என் வாதம்.

கலிபோர்னியாவின் மான்டரே மீன்காட்சியகம் இதற்கு நல்ல சான்று. மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் வரிசையாக நின்ற கடற்கரை அது. மத்தி வரத்து அற்றுப்போகவே ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அப்படி மூடிய ஆலை ஒன்றின் இடத்தில் மீன்காட்சியகம் கட்டலாம் என்று யோசனை சொன்னவர்களில் மகள் நான்சியும் ஒருவர். அவர் கடல் உயிரியல் படித்தவர். பெற்றோர் சுமார் 5.5 கோடி டாலர் கொடுத்தார்கள். திறந்தபின் தன் வருமானத்தில்தான் நடக்க வேண்டும் என்று தந்தை நிபந்தனை விதித்தார். 1984இல் அது திறக்கப்பட்டது. கடற்பாசிகளைப் பற்றிப் படித்த இன்னொரு மகள் ஜூலி நாற்பது ஆண்டுகள் அதை வழிநடத்தினார். கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசிக்கு வெயிலும், ஓயாத அலையசைவும், வடிகட்டாத கடல்நீரும் வேண்டும் என்பது தெரிந்தவர்கள் இருந்ததால்தான் தொட்டிக்குள் உயிருள்ள கடற்காடு வளர்ந்தது. 1999இல், கடலைக் கெடுக்காமல் பிடித்த மீன் எது என்று வாங்குவோருக்கு எடுத்துச்சொல்லும் திட்டத்தையும் அந்த நிறுவனம் தொடங்கியது. பணம் மட்டும் கொடுத்தவர்களுக்கு இப்படியொரு வேலை தோன்றியிருக்குமா?

பணக்காரப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு வரிச்சலுகை கொடுப்பதுதானே இது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மகன் டேவிட் டபிள்யூ. பேக்கார்ட் கிரேக்க, லத்தீன் இலக்கியம் படித்தவர், பழைய திரைப்படங்களில் ஆழ்ந்த பற்றுள்ளவர். அவரது மானுடப் பண்பியல் (ஹியூமானிட்டீஸ்) நிறுவனம் அந்த மொழிகளின் நூல்களையும் கல்வெட்டுகளையும் கணினியில் ஏற்றுவதற்கும், படச்சுருள்களைக் காப்பதற்கும் செலவிட்டது. அங்கே சொந்த விருப்பம் இருந்தது உண்மை. ஆனால் அந்த விருப்பம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க மத்திய வங்கி பணக்கட்டுகளைச் சேமித்துவைத்த வர்ஜீனியா நிலவறையை, 15 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு ஒலி, ஒளி ஆவணக் காப்பகமாக மாற்றினார்கள். 2007இல் அதை அரசின் காங்கிரஸ் நூலகத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். பொதுச்சொத்தாகிவிட்ட பிறகு அதைக் குடும்பத்தின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. ஒரே கம்பெனியின் பங்குகளை நம்பியிருந்த பேக்கார்ட் அறக்கட்டளை, 2000க்குப் பின் பங்குச்சந்தை சரிந்தபோது தன் சொத்தில் பாதிக்கும் மேல் இழந்தது. நன்கொடைகளைக் குறைத்தது, ஊழியர்களையும் குறைத்தது. பொதுக்காரியங்களைத் தனிச் செல்வத்தின் ஏற்ற இறக்கத்துக்கு விடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். பள்ளியும் மருத்துவமும் அரசின் கடமைகள். எந்தக் குடும்பத்தின் தாராளமும் அவற்றுக்கு ஈடாகாது. அதே சமயம், மான்டரே மீன்காட்சியகம் நுழைவுக் கட்டணத்திலும் பொதுமக்களின் ஆதரவிலும் காலூன்றி நின்றதால், அறக்கட்டளையின் சரிவோடு சேர்ந்து விழவில்லை. பேக்கார்ட் விதித்த நிபந்தனையின் பயன் அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. கொடுப்பவர்கள் இந்தக் குடும்பத்திடம் கற்க வேண்டியவை இரண்டு: வேலை தெரிந்தவர் கையில் கொடுங்கள், உங்கள் பணம் நின்றாலும் நிற்கும்படி கட்டுங்கள்.