கல்லிடுக்கில் வாழும் மீன்கள்

1957 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவினூடே இறங்கி வரும் ஏப்ரம்ஸ் ஓடையில், அங்குள்ள ஜீவராசிகளைக் காப்பதற்கென்றே நியமிக்கப்பட்டிருந்த அதிகாரிகளின் பூரண சம்மதத்தோடு, பல மைல் தூரத்துக்கு ரோட்டெனோன் என்னும் நஞ்சு கலக்கப்பட்டது. வெப்ப நாட்டுச் செடிகள் சிலவற்றின் வேரிலிருந்து எடுக்கப்படும் அந்த நஞ்சு, செவுளின் வழியே புகுந்து, உடலின் அணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்திக்கொள்ளவொட்டாமல் தடுத்துவிடும். நீரில் பிராணவாயு நிறைந்திருக்கும்போதே மீன் மூச்சடைத்து மிதக்கும். ஓடை சென்று கலக்கும் இடத்துக்குக் கீழே சில்ஹோவீ அணை அவ்வாண்டுதான் எழும்பியிருந்தது. தூண்டில் போடும் கனவான்களுக்குப் பிரியமான வானவில் ட்ரவுட் மீன் இனி அங்கே செழிக்க வேண்டுமானால், அதனோடு இரைக்குப் போட்டியிடக்கூடிய, எவருக்கும் உதவாத மீன்களை முன்கூட்டியே ஒழித்துவிடுவதுதான் உத்தமம் என்பது அந்நாளைய மீன்வள நிபுணர்களின் சித்தாந்தம்.

செத்து மிதந்த மீன்களில் சிலவற்றை யாரோ பொறுப்புள்ளவர்கள் பொறுக்கியெடுத்துப் பாதுகாத்து வைத்தார்கள். அவற்றுள், விரல் நீளமே உள்ளதும், பகலெல்லாம் கல்லுக்கடியில் பதுங்கிக் கிடந்து இரவில் மட்டும் வெளிவருவதுமான ஒரு சிறு கெளிற்றினம் இருந்தது. அது சாஸ்திர உலகம் அதுவரை அறியாத புது இனம் என்று 1969 இல் வகைப்படுத்தப்பட்டு, ஸ்மோக்கி மேட்டம் என்ற பெயரைப் பெற்றபோது, அது உலகில் வேறெங்கும் உயிரோடு இருப்பதாக எவருக்கும் தெரியவில்லை. ஒரு பிராணிக்குப் பெயர் சூட்டுவதும் கருமாதி செய்வதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்தேறிய விபரீதம் இது. நல்லவேளையாக, 1980 இல், அதே வட்டாரத்துச் சிட்டிகோ என்னும் ஓடையில் அம்மீன் உயிரோடு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

இந்தப் பழங்கதையை நான் இப்போது எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊரில் ஓடும் சிற்றாற்றில் என்னென்ன மீன்கள் வாழ்கின்றன என்று வலையிட்டுப் பார்த்து, எண்ணி, எழுதிக்கொண்டு, பிடித்தவற்றை அங்கேயே விட்டுவிட்டு வருவதை வேலையற்றவர்களின் விளையாட்டென்று நம்மவர்களில் பலரும் நினைக்கிறார்கள். இக்காரியம், மழை அளவைக் குறித்து வைப்பதைப் போலவே, பொதுநலத்துக்கு இன்றியமையாதது என்பது என் அபிப்பிராயம். அறியப்படாத ஒன்றை அழிப்பவனுக்குத் தான் அழித்தது இன்னதென்பதே தெரியாது. ஏப்ரம்ஸ் ஓடையில் நஞ்சூற்றியவர்கள் துஷ்டர்களல்லர், ஓடையில் இருப்பது என்னவென்று முதலில் பாராதவர்கள்.

மார்ச் மாதத் தொடக்கத்தில், மரங்களில் தளிர் தோன்றாமலும் மலையுச்சியில் பனி விலகாமலும் இருந்த ஒரு காலை வேளையில், அம்மலையிலிருந்தே புறப்பட்டு வரும் லிட்டில் ரிவர் என்னும் ஆற்றில், பூங்காவின் எல்லைக்கு வெளியே, உரிய அனுமதியைப் பெற்றுக்கொண்டு, நண்பர்கள் சிலரோடு நானும் இறங்கினேன். உள்ளூர்ப் பள்ளியில் உயிர்நூல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டி. அம்பாசமுத்திரத்துக்காரரான இளைஞர் ஒருவர், அங்கே பொறியாளராக இருப்பவர், எனக்குத் துணை. நீரின் உஷ்ணநிலை பத்து டிகிரி செல்சியசுக்கும் கீழே இருந்தது. மார்பு வரை மூடும் ரப்பர் உடுப்புக்குள் நின்றபோதிலும், கால் விரல்கள் இருக்கின்றனவா என்று சிறிது நேரத்துக்கெல்லாம் சந்தேகம் வந்துவிட்டது.

பிடிக்கும் முறை எளியது. இரண்டு கழிகளுக்கிடையே கட்டிய சிறுகண் வலையை ஒருவர் நீரோட்டத்துக்குக் குறுக்கே, அடிப்பாகம் தரையோடு படியும்படி ஊன்றிப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் சில அடிகள் மேலே நின்று, பாதங்களால் கற்களைக் கிளறியவாறே வலையை நோக்கி இறங்கி வருவார். கல்லிடுக்கிலிருந்து கலைந்த மீன் ஓட்டத்தோடு வந்து வலையில் விழும். உடனே இருவரும் வலையைத் தூக்கிவிட வேண்டும். குளிர்ந்த நீரில் மீன்களின் உடலியக்கம் மந்தப்பட்டிருப்பதால் அவை வெகுதூரம் ஓடுவதில்லை. குளிர்ந்த நீரில் பிராணவாயு மிகுதியாகக் கரைந்திருப்பதால், சற்று நேரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு விடுவதும் அவற்றுக்கு அவ்வளவு துன்பமாவதில்லை. கையை நனைத்துக்கொள்ளாமல் எந்த மீனையும் தொடக் கூடாது என்று ஆசிரியர் எங்களைக் கண்டிப்பாக எச்சரித்திருந்தார். உலர்ந்த கை பட்டால் உடம்பின் மேலுள்ள வழவழப்புப் போய், அவ்விடத்தில் நோய் பற்றும்.

வலையைத் தூக்கியபோது முதலில் கண்ணில் பட்டவை சருகும் கூழாங்கற்களுமே. அவற்றினிடையே, பெரிய தலையும் தவளையின் முகச்சாயலும் கொண்ட ஸ்கல்பின் என்னும் மீன் அசையாமல் கிடந்தது. பிறகு, பாறையின் மேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும் ஸ்டோன்ரோலர். உதடுகளால் மணலை உறிஞ்சி இரை தேடும் ஹாக் சக்கர். இவற்றையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டவை டார்ட்டர் எனப்படும் மீன்கள். விரலளவே நீளமுள்ள இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மற்ற மீன்களுக்குள்ள காற்றுப்பை இல்லை, அல்லது பெயரளவுக்கு உண்டு. ஆகையால் இவை நீரில் மிதந்து நீந்தாமல், அடித்தரையில் துடுப்புகளை ஊன்றி நின்று, ஒரு கல்லிலிருந்து மறு கல்லுக்குச் சடக்கென்று பாய்கின்றன. இனப்பெருக்கக் காலம் நெருங்குகிறதாகையால் ஆண் மீன்கள் நிறமேறத் தொடங்கியிருந்தன: செந்தூரமும் பசுமையும் ஒன்றையொன்று தழுவிய அந்த வர்ண விசேஷத்தைக் கண்ட எவரும், அழகு வேண்டின் வெப்பக் கடலுக்குத்தான் போகவேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டுவிடுவார்கள்.

அம்பாசமுத்திரத்து நண்பர் வெகுநேரம் கண்ணாடிப் பெட்டியை விட்டு அகலவில்லை. கடைசியில், "ஐயா, எங்க ஊரு ஆத்துல என்னென்ன மீன் இருக்குன்னு யாராவது கேட்டா, அயிரையும் கெண்டையும் கெளுத்தியும் தவிர எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது" என்றார். அவரைப் பார்க்கிலும் எனக்கு அதிகமாகத் தெரியும் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் யோக்கியதை இல்லை.

டார்ட்டர் மீன்களை எண்ணுவதில் கண்ணுக்கினிய காட்சி மட்டுமன்றி, உறுதியான பிரயோஜனமும் உண்டு. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சந்துகளே இவற்றுக்கு வீடு, உணவறை, பிரசவ அறை எல்லாம். மேலே காட்டை வெட்டினாலோ, கரையை இடித்துச் சாலை போட்டாலோ, வண்டல் வந்து அந்தச் சந்துகளை அடைத்துவிடுகிறது. நீர் தெளிந்தாற்போலவே தோன்றினாலும், டார்ட்டர்கள் ஒவ்வோர் இனமாக மறைந்துவிடும். ஜேம்ஸ் கார் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1981 இல், ஆறு ஒன்றின் ஆரோக்கியத்தை அதிலுள்ள மீன் சமுதாயத்தைக் கொண்டே மதிப்பிடும் முறையொன்றை வகுத்தபோது, டார்ட்டர் இனங்கள் எத்தனை இருக்கின்றன என்பதை அதன் அளவைகளில் ஒன்றாக வைத்தார். இரசாயனப் பரிசோதனை, நீரை எடுத்த அந்த நிமிஷத்து நிலையைத்தான் சொல்லும். அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்த மீனோ, ஆண்டு முழுவதும் அந்த நீர் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி.

இச்சாட்சி ஒரு சமயம் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. 1973 ஆகஸ்டில், டென்னசிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டேவிட் எட்னியர், லிட்டில் டென்னசி நதியில் மூழ்கிப் பார்த்தபோது, நத்தைகளைத் தின்று வாழும் மூன்றங்குல நீளமுள்ள டார்ட்டர் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே நதியின் குறுக்கே, 1967 முதல் டெலிக்கோ அணை கட்டப்பட்டு வந்தது. 1973 டிசம்பரில் அழியும் இனங்களைக் காக்கும் சட்டம் அமுலுக்கு வரவே, சட்ட மாணவர் ஒருவரும் அவருடைய ஆசிரியரும் வழக்குத் தொடுத்தார்கள். 1978 ஜூன் மாதத்தில், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, ஏறக்குறைய முடிந்துவிட்ட அணையானாலும் மீனுக்காக நிறுத்தத்தான் வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பத்திரிகைகள் சிரித்தன, விரலளவு மீனுக்காகக் கோடிக்கணக்கான டாலர் வீணாவதா என்று கார்ட்டூன்கள் வந்தன.

ஆனால், அச்சட்டத்துக்கு விலக்களிக்கும் அதிகாரம் படைத்த குழுவொன்றைக் காங்கிரஸ் சபையே ஏற்படுத்தி, அது 1979 ஜனவரியில் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தபோது தெரிய வந்தது என்னவென்றால், மீனைப் பற்றிய கவலையை அடியோடு ஒதுக்கிவிட்டாலும், மிச்ச வேலையை முடிப்பதற்காகும் செலவுக்குக்கூட அந்த அணை பலன் தராது என்பதே. குழு ஏகமனதாக அணைக்கு எதிராக முடிவு செய்தது. அவ்வாண்டே காங்கிரஸ் வேறொரு மசோதாவின் வாலில் ஒரு வரியை ஒட்டிவைத்து அணைக்கு விலக்களித்தது. நவம்பரில் மதகுகள் மூடப்பட்டன. குடியானவர்களின் நிலங்களும், செரோக்கீ மக்களின் பழைய தலைநகரங்கள் இருந்த இடங்களும் நீரில் மறைந்தன. மீனை நகைத்தவர்கள் அந்தக் கணக்கைப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

நத்தை தின்னும் டார்ட்டர் அழிந்துவிடவில்லை. முன்னரே ஹைவாசி நதியில் கொண்டுபோய் விடப்பட்டவை அங்கே பெருகின. தேடத் தேட வேறு ஓடைகளிலும் கிடைத்தது. 2022 இல் அதை ஆபத்துப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். 2025 ஜனவரியில், யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் சிலர், மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் அது தனி இனமே அன்று, மிசிசிப்பிக்கு மேற்கேயும் வாழும் மற்றொரு டார்ட்டரின் கிளைதான் என்று வெளியிட்டார்கள். இதைக் கொண்டு பழைய வழக்கே பொய்யென்று பேசுவோர் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. நீதிமன்றத்தின் முன் அன்று இருந்தது அந்நாளைய சாஸ்திரத்தின் நேர்மையான முடிவு. ஆதாயமில்லை என்று கண்ட அணைக்கணக்கு, மீனின் பெயர் மாறியதால் மாறிவிடவில்லை.

கல்லைக் கிளறுவதே மீனுக்குத் தீங்கல்லவா என்ற ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. குளிர் விலகாத பருவத்தில் நாங்கள் போனதன் முக்கிய காரணமும் அதுவே: கோடையின் வாயிலில் மேட்டம் மீன்கள் தட்டையான கற்களுக்கடியில் முட்டையிட்டு, ஆண் மீன் காவல் காக்கும், அப்பொழுது ஒரு கல்லைப் புரட்டினாலும் ஒரு குடும்பம் போயிற்று. ஆபத்திலுள்ள இனங்கள் வாழும் சிட்டிகோ போன்ற ஓடைகளில் விசேஷ அனுமதியின்றி எவரும் வலை வைக்கக் கூடாது, வைக்காதிருப்பதே முறை.

அந்தச் சிட்டிகோவிலிருந்துதான் ஏப்ரம்ஸ் ஓடைக்குப் பிராயச்சித்தமும் வந்தது. நாக்ஸ்வில் நகரிலுள்ள கன்சர்வேஷன் ஃபிஷரீஸ் என்னும் சிறு ஸ்தாபனம், 1980களிலிருந்து, மேட்டம் மீன்களின் முட்டைகளை அங்கிருந்து எடுத்து வந்து, தொட்டிகளில் பொரிக்க வைத்து, வளர்ந்த குஞ்சுகளை ஏப்ரம்ஸ் ஓடையில் விட்டு வந்திருக்கிறது. ஸ்மோக்கி மேட்டம் இன்று அங்கே தானாகவே பெருகுகிறது. புள்ளித்துடுப்புச் சப் என்னும் மற்றொரு மீனோ, எவ்வளவு விட்டும் அங்கே நிலைகொள்ளவில்லை. ஒரு பருவத்தில் செய்து முடித்த நாசத்தைத் திருத்துவதற்குப் பல பத்தாண்டுகள் போதவில்லை.

எந்த மீனுக்காக அவ்வோடையில் நஞ்சு ஊற்றினார்களோ, அதே வானவில் ட்ரவுட், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரிக்கும் வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரத் தூண்டில்காரர்களின் பொழுதுபோக்குக்காக அவலாஞ்சியில் அதற்குப் பொரிப்பகம் ஏற்பட்டது. குளிர்ந்த மலையோடைகளில் அது விடப்படுவதற்கு முன் அங்கே என்னென்ன இருந்தன என்று ஓடை ஓடையாக எழுதிவைத்த ஜாபிதாவை நான் எங்கும் கண்டதில்லை. சமவெளியிலோ, 1952 இல் வந்த திலேப்பியாவை நாட்டு மீனென்றே நம்பும் தலைமுறையும் தோன்றிவிட்டது. தாமிரபரணியின் பெயரையே விஞ்ஞானப் பெயராகத் தாங்கிய கெண்டையினம் ஒன்று அந்நதியில் இருக்கிறது. கரையிலுள்ள கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் மாணவர்களில் எத்தனை பேர் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள்?

ஆகவே, மலையடிவாரத்துக் கல்லூரி ஆசிரியர்களுக்கும், வனத்துறை, மீன்வளத்துறை அதிகாரிகளுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. சரணாலயங்களுக்கு வெளியே உள்ள ஓடைகளில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் தெளியும் தை மாதத்தில், ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்கள் வலையிட்டு, எண்ணி, விட்டுவருவதற்கு எளிதாக அனுமதி கிடைக்கச் செய்யுங்கள். அவர்கள் எழுதும் கணக்கை ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டு, அந்தந்த ஊர் நூலகத்தில் வையுங்கள். அந்தக் கணக்கு இல்லாத எந்த ஓடையிலும் அயல்நாட்டு மீன்குஞ்சு ஒன்றைக்கூட விடாதிருங்கள்.