சாக மறுத்த கவர்னர்

1961 டிசம்பர் 14ம் தேதி லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு ஒரு தந்தி வந்தது. போர்த்துகீசிய வீரர்கள் ஒன்று வெல்ல வேண்டும், இல்லையேல் சாக வேண்டும். சரணடைவது என்ற பேச்சே கூடாது. உத்தரவு போட்டவர் சர்வாதிகாரி சலாசார். எட்டு நாள் தாக்குப்பிடித்தால் உலக நாடுகள் தலையிடும் என்பது அவர் கணக்கு.

தந்தியைப் படித்தவர் கவர்னர் ஜெனரல் வாஸலோ இ சில்வா. 62 வயது, ராணுவ இஞ்சினியர், 1958லிருந்து கோவாவில் இருந்தவர். அவரிடம் இருந்தது சுமார் 3,500 வீரர்கள். போர் விமானம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு பழைய போர்க்கப்பல் உண்டு. 1510ல் கோவாவைப் பிடித்த அல்புகர்க்கின் பெயர் அதற்கு. டாங்கி எதிர்ப்புக் குண்டுகளை 'சாஸேஜ்' என்ற சங்கேதப் பெயரில் கேட்டதற்கு, லிஸ்பனிலிருந்து நிஜ சாஸேஜே வந்து இறங்கியது என்று ஒரு கதை உண்டு.

தில்லியும் லேசில் முடிவெடுக்கவில்லை. 1955 ஆகஸ்ட் 15 அன்று எல்லை தாண்டிய சத்தியாகிரகிகளில் 20க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டபோதுகூட நேரு படையை அனுப்பவில்லை. 1961 நவம்பரில் அஞ்சதீவிலிருந்து சபர்மதி கப்பலைச் சுட்டதும் பொறுமை தீர்ந்தது. அமெரிக்கத் தூதர் கால்பிரெய்த் நேருவைத் தடுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை. டிசம்பர் 17 நள்ளிரவு படை நகர்ந்தது.

சில பாலங்களைத் தகர்த்ததோடு வாஸலோ இ சில்வா நிறுத்திக்கொண்டார். ஊரை எரிக்கவில்லை, வீரர்களைப் பலிகொடுக்கவில்லை. 19ம் தேதி இரவு, கார் விளக்கு வெளிச்சத்தில் சரணடைந்தார். 451 வருட ஆட்சி முடிய இரண்டு நாள்கூட ஆகவில்லை.

இதற்காக அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. அவருடைய நிர்வாகத்திலும் சிறைகள் காலியாக இல்லை. அவர் வருவதற்கு முன்பே, 1955ல் பிடிபட்ட மோகன் ரானடே கோவா விடுதலையான பிறகும் போர்த்துகல் சிறையிலேயே கிடந்தார். 1968ல் போப்பாண்டவரைச் சந்தித்த முதல்வர் அண்ணாதுரை அவருக்காகப் பேசியது தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். 1969 ஜனவரியில் ரானடே விடுதலையானார். அடுத்த மாதமே அண்ணா மறைந்தார்.

கவர்னருக்குக் கிடைத்த வரவேற்பு? 3,000க்கும் மேற்பட்ட வீரர்களோடு 1962 மே வரை கோவா முகாம்களில் காவலில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவரை, 1963ல் ராணுவத்திலிருந்தே நீக்கினார் சலாசார். வேடிக்கை என்னவென்றால், இவருடைய சகோதரி மரியா லமாஸ் அதே சலாசாரை எதிர்த்துச் சிறை சென்ற எழுத்தாளர். குடும்பத்தில் முதலில் 'துரோகி' பட்டம் வாங்கியவர் அவர்தான்.

1974ல் லிஸ்பனில் புரட்சி வந்தது. பறித்த பதவி திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று கோவா இந்தியாவுடையது என்று போர்த்துகலும் கையெழுத்திட்டது. 1980ல், 80 வயதில், வாஸலோ இ சில்வா மறுபடி கோவா வந்தார். இந்தத் தடவை விருந்தாளியாக. கோவாக்காரர்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். 1985ல் காலமானார்.