ஒரு தலைப்பு அட்டையின் விலை

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட திகில் படங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், பணம் இல்லாததே அவற்றின் பலம் என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். நானும் பல காலம் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்தை அண்மையில் மறுபடியும் பார்த்தபோது, அதில் பாதிதான் உண்மை என்று தோன்றியது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களுடைய நண்பர்களும் தலைக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கிய படம் அது. மொத்தச் செலவு ஏறத்தாழ 1,14,000 டாலர். இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீடுதான் களம். ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. நடித்தவர்களில் சிலரே ஒப்பனையையும் ஒலியையும் கவனித்துக்கொண்டார்கள். பின்னணி இசைகூட இசை நூலகம் ஒன்றிலிருந்து எடுத்ததுதான். கையிருப்பு அனுமதித்த கறுப்பு வெள்ளைப் படச்சுருள், படத்துக்கு ஒரு செய்திப்படத்தின் சாயலைக் கொடுத்தது. இதுவரை வறுமையின் கொடை என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் டுவேன் ஜோன்ஸை நாயகனாக்கியது வறுமை அல்ல. வந்தவர்களில் அவரே சிறப்பாக நடித்தார், அதனால் தேர்ந்தெடுத்தோம் என்று ரொமேரோ பின்னாளில் சொன்னார். ஒரு கறுப்பினத்தவர் வெள்ளையருக்கு ஆணையிடுகிறார், எதிர்த்தவரை அடிக்கிறார். படத்தில் ஒருவர்கூட அவருடைய நிறத்தைக் குறித்து ஒரு சொல் உதிர்ப்பதில்லை. இரவெல்லாம் பிணங்களிடமிருந்து தப்பித்தவர், விடிந்ததும் காப்பாற்ற வந்தவர்களின் துப்பாக்கிக்கே இரையாகிறார். அதன்பின் வரும் அந்த அசையாப் புகைப்படங்களை இன்றும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. இவையெல்லாம் துணிந்து எடுத்த முடிவுகள். பணமில்லாமல் எடுக்கப்பட்டு மறக்கப்பட்ட நூற்றுக்கணக்கான படங்களில் இந்தத் துணிவு இல்லை.

வறுமை எடுத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். படத்தின் முந்தைய பெயர் 'நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்'. விநியோக நிறுவனம் பெயரை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையில் இருந்த பதிப்புரிமைக் குறிப்பு புதியதில் விடுபட்டுப்போயிற்று. அக்குறிப்பின்றி வெளியாகும் படைப்பு பொதுச்சொத்தாகிவிடும் என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். கையில் பிரதி கிடைத்தவர்களெல்லாம் திரையிட்டார்கள், விற்றார்கள். எடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தில் பெரும்பகுதி வந்து சேரவில்லை. ஒரு பெரிய நிறுவனத்தில், சம்பளம் வாங்கும் வழக்கறிஞர் ஒருவர் அந்த அட்டையை ஒரு முறையேனும் பார்த்திருப்பார்.

அந்தப் பிழையால்தான் படம் உலகெங்கும் பரவியது என்பார்கள். இருக்கலாம். 1999இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2016இல் மூல நெகடிவிலிருந்து மீட்டெடுக்கப்பட்டது. ரொமேரோ 2017இல் மறைந்தார். புகழுக்குக் குறைவில்லை. ஆனால் புகழ் வேறு, கூலி வேறு.

வறுமையே கலையை வளர்க்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கலைஞர்கள் அல்லர், பார்வையாளர்களாகிய நாம்தான். நமக்கு அது வசதியான நம்பிக்கை. இம்முறையும் அந்தப் படத்தை நான் இணையத்தில்தான் பார்த்தேன், ஒரு காசும் கொடுக்காமல்.