ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு... பாடம் யாருக்குப் புரியுது?

ஸ்கூல் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல இந்த மெசேஜை நீங்களும் பார்த்திருப்பீங்க: "நம்ம ஸ்கூலுக்கு ஏதாவது செய்யணும்டா." அடுத்த பத்தாவது நிமிஷம் ஒருத்தர் 65 இன்ச் டச் பேனலோட விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார். ஜிபே நம்பர் வரும், பணம் சேரும், ரிப்பன் வெட்டி போட்டோவும் எடுத்தாச்சு. எல்லாம் நல்ல மனசுதான். ஆனா, 'அந்த கிளாஸ்ல பாடம் எப்படி நடக்குது டீச்சர்?'னு யாராவது கேட்டாங்களான்னு பார்த்தா, பெரும்பாலும் இல்லை.

அரசாங்கமும் இதே வேகத்துலதான் போகுது. அரசுத் தொடக்கப் பள்ளிகள்ல 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள்னு 2024-ல் பெரிய திட்டமே ஆரம்பிச்சாங்க. இன்னொரு பக்கம், கொரோனாவால் வந்த கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய 2022-ல் கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம். இரண்டுமே தேவையானவைதான். ஆனா, ஒரே அறைக்குள்ள இரண்டும் சந்திக்கும்போது ஒரு சின்ன சிக்கல் வருது.

எண்ணும் எழுத்தும் வகுப்புல பிள்ளைகளை அவங்க எட்டியிருக்கும் நிலையை வெச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிப்பாங்க. அரும்புல இருக்கிற பிள்ளை இன்னும் எழுத்தையே அடையாளம் கண்டுட்டு இருக்கும். மலர்ல இருக்கிற பிள்ளை வகுப்புக்குரிய பாடத்தைத் தானே வாசிக்கும். மூணு குழுவுக்கும் மூணு விதமான வேலை, இதுதான் அந்த முறையோட உயிர். ஸ்மார்ட் போர்டோ இதுக்கு நேரெதிர். ஒரு திரை, ஒரு வீடியோ, ஒரே வேகம். எல்லாரும் முன்னாடி திரும்பி உட்காரணும். டீச்சர் ப்ளே பட்டனை அழுத்திய நிமிஷமே மூணு குழுவும் ஒண்ணாயிடுது. மலர் பிள்ளைக்குப் போரடிக்கும், அரும்பு பிள்ளை படம் பார்க்கும். வெளியில இருந்து பார்த்தா கிளாஸ் அமைதியா, கவனமா இருக்கிற மாதிரிதான் தெரியும். ஏமாத்துறதே அந்த அமைதிதான்.

போர்டையே தூக்கிப் போடச் சொல்லலை. ஒன்பதாம் வகுப்புல இதயம் எப்படித் துடிக்குதுன்னு காட்ட அதைவிட நல்ல கருவி கிடையாது. மொத்த வகுப்பும் ஒரே விஷயத்தைப் பார்த்து ஒண்ணா விவாதிக்கிற பாடத்துக்கு அது சரி. ஆளுக்கொரு வேகத்துல போகிற பாடத்துக்கு வேற கருவி வேணும்.

கீழே இறங்கி வந்த கரும்பலகை

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் ஞாபகம் இருக்கா? 90ஸ் கிட்ஸ் கடைசி செட்டும் 2கே கிட்ஸும் அதுலதான் படிச்சாங்க. பாடங்களை அட்டைகளாப் பிரிச்சு, ஏணி மாதிரி படிகள் வெச்சு, ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில இருந்து ஏறும். சுவரோட அடிப்பகுதியில் பிள்ளைங்க கைக்கு எட்டுற உயரத்துல கரும்பலகை இருக்கும். ஆளுக்கு ஒரு பகுதி. டீச்சர் சுத்திவந்தா யார் எங்கே திணறுறாங்கன்னு ஒரே பார்வையில தெரிஞ்சிடும். என்னைக் கேட்டா, அந்தக் கீழ்க் கரும்பலகையும் கிளாஸ்ரூம் டெக்னாலஜிதான். சார்ஜர்தான் தேவையில்லை!

கருவி கற்பிக்கும் முறையோட பொருந்தினா என்ன ஆகும், பொருந்தாட்டி என்ன ஆகும் என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். பெரு நாட்டுல 'ஒரு பிள்ளைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தை கிராமப்புறப் பள்ளிகள்ல ஆராய்ஞ்சாங்க. லேப்டாப் கைக்கு வந்தது, பயன்பாடும் கூடியது. ஆனா கணக்கு, மொழிப் பாடத் தேர்வுகள்ல முன்னேற்றம் தெரியவில்லை. மெஷின் வந்ததே தவிர, பாடம் நடத்தும் விதம் மாறலை.

இன்னொண்ணு டெல்லி. மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு மையங்கள்ல வெச்சுக் கற்பிச்சதை ஆய்வு செஞ்சு, 2019-ல் கட்டுரையா வெளியிட்டாங்க. அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோட கணக்குத் திறன், சராசரியா இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தது. மென்பொருள் முதல்ல செஞ்ச வேலை, ஒவ்வொரு பிள்ளையும் நிஜத்துல எந்த வகுப்பு நிலையில இருக்குன்னு கண்டுபிடிச்சதுதான். அங்கிருந்தே பாடத்தை ஆரம்பிச்சது. நாலரை மாசத்துல கணக்கு, இந்தி இரண்டிலும் நல்ல முன்னேற்றம். கூடவே சின்னக் குழுக்களா உட்கார வெச்சுச் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தாங்க, அதை மறந்துடக் கூடாது. அரும்பு பிள்ளைக்குத் தேவைப்படுறது இந்த மாதிரி ஒண்ணு. மூலையில நாலஞ்சு டேப்லெட், ஹெட்போன், பக்கத்துல ஒரு பெரியவர்.

செலவே பண்ண முடியாதா? அதுக்கும் வழி இருக்கு. பிளிக்கர்ஸ் என்று ஒரு ஆப். பிள்ளைங்க கையில பிரின்ட் போட்ட அட்டை மட்டும்தான். கேள்விக்கு ஏ, பி, சி, டி என்ற பதிலுக்கு ஏத்த மாதிரி அட்டையைத் திருப்பிப் பிடிப்பாங்க. டீச்சர் தன் போன் கேமராவை ஒரு சுத்து சுத்தினா, யார் என்ன பதில் சொன்னாங்கன்னு வந்துடும். ஒவ்வொருத்தர் அட்டையும் வேற டிசைன், அதனால பக்கத்துல இருக்கிறவனைப் பார்த்து காப்பி அடிக்கிறது கஷ்டம். "புரிஞ்சுதா?"ன்னு கேட்டதும் மொத்த கிளாஸும் "புரிஞ்சுது மிஸ்"னு பாடுமே, அந்தக் கோரஸுக்கு இது நல்ல மருந்து. கை தூக்கக் கூச்சப்படுற பிள்ளையோட பதிலும் இதுல கணக்குல வருது.

திரையே தெரியாத பிள்ளைக்கு?

யாரும் அதிகம் பேசாத பகுதி இதுதான். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, இந்தப் பிள்ளைகளும் மற்றவங்களோட சேர்ந்து படிக்கணும்னு சொல்லுது. அப்போ வாங்குற கருவி அவங்களுக்கும் உதவணுமே? காது கேளாத பிள்ளைக்கு வசன எழுத்து இல்லாத வீடியோ வெறும் ஊமைப் படம். தமிழ்ப் பாட வீடியோக்கள்ல எத்தனையில அது இருக்குன்னு நீங்களே ஓட்டிப் பாருங்க.

பார்வையற்றவங்களுக்கு என்விடிஏ என்று ஒரு திரைவாசிப்பு மென்பொருள் இருக்கு. 2006-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் தொடங்கினது. முழுக்க இலவசம், தமிழையும் படிக்கும். ஆனா பழைய பாமினி, வானவில் எழுத்துருக்கள்ல டைப் பண்ணின நோட்ஸைக் கொடுத்தா ஒரு வார்த்தைகூட உருப்படியா வராது. காரணம், அந்தக் கோப்புல உள்ளே இருக்கிறது ஆங்கில எழுத்துகள், தமிழ் என்பது மேலே போர்த்தின உருவம்தான். மென்பொருள் போர்வையைப் பார்க்காது, உள்ளே இருக்கிறதைத்தான் படிக்கும். போன்ல போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கின நோட்ஸும் அப்படித்தான், அதுக்கு அது வெறும் படம். யூனிகோடில் டைப் பண்ணினா மட்டும்தான் தமிழ் தமிழாவே இருக்கும். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டாச்சு. ஆனா, இன்னைக்கும் கேள்வித்தாள் டைப் பண்ற கடைகள்ல பழைய எழுத்துருதான் ஓடிட்டிருக்கு.

உங்க பேட்ச் குரூப் இந்த வருஷம் பணம் சேர்க்கிறதா இருந்தா, பேனல் விலை பார்க்கிறதுக்கு முன்னாடி டீச்சர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. இப்போ கிளாஸ்ல பின்தங்கியிருக்கிறது யாரு, அவங்களோட உட்கார உங்களுக்கு நேரம் கிடைக்க என்ன வேணும்? பதில் டேப்லெட்டா இருக்கலாம், ரெண்டு வருஷப் பராமரிப்புச் செலவா இருக்கலாம். பழைய நோட்ஸையெல்லாம் யூனிகோடுக்கு மாத்தித் தர ஆள் வேணும்னாங்கன்னா, அதுக்கு ஜிபே தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும், தமிழ் கீபோர்டு இருக்கிற நாலு ஃப்ரெண்ட்ஸும் போதும்.